திப்பு கட்டிய பள்ளியும் மஹல்லா கட்டிய பள்ளியும்

பழைய பள்ளிவாசல் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டி முடிக்கும்போது, திறப்பு விழாவை ஒட்டி மலர் ஒன்று வெளியிடுவது தமிழக ஜமாஅத்துகளின் வழக்கமாகியிருக்கிறது. முகப்பில் புதிய மினாராக்களின் வண்ணப்படம், உள்ளே வாழ்த்துரைகள், நன்கொடையாளர் பட்டியல், கடை விளம்பரங்கள், இவற்றுக்கிடையே இரண்டு மூன்று பக்கங்களில் 'நமது பள்ளிவாசலின் வரலாறு' என்னும் கட்டுரை. தமிழ்நாட்டு முஸ்லிம்களின் உள்ளூர் வரலாற்றில் கணிசமான பகுதி இந்த இரண்டு மூன்று பக்கங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இவ்வெழுத்தை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. வரலாற்றாசிரியர்கள் சான்றாகக் கொள்வதுமில்லை. ஆகவே அது விமரிசனத்துக்கு உட்படாமலே தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தானே நகலெடுத்து வருகிறது. அதனை இங்கு நாம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். நமது நோக்கு, பழைய பாராமகால் நாட்டின் தென்பகுதியாகிய இன்றைய தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்தது.

இத்தகைய கட்டுரைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதற் பத்தியில் அரபு வணிகர்கள் கடல்வழியே வருகிறார்கள். இரண்டாம் பத்தியில் ஓர் அரசர் பள்ளிவாசலைக் கட்டுகிறார். மூன்றாம் பத்தியில் 'ஊர்ப் பெரியவர்கள்' அதனைப் பராமரிக்கிறார்கள். நான்காம் பத்தி தற்போதைய நிர்வாகக் குழுவைப் போற்றத் தொடங்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் முதற் பத்திக்கு ஆதாரம் உண்டு. ஆனால் கடலிலிருந்து வெகு தொலைவில், தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கே மேட்டுநிலத்தில் அமைந்த பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ அந்தப் பத்தி எவ்வாறு பொருந்தும் என எழுதியவர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டாம் பத்தியில் வரும் அரசர், பாராமகாலைப் பொறுத்தவரை எப்போதும் ஒருவரே. பழைய பள்ளி என்றால் அது திப்பு சுல்தான் கட்டியது. திப்பு இல்லையெனில் அவர் தந்தை ஹைதர் அலி.

இந்த வழக்காறு வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடப்பை நவாபின் கைக்குச் சென்ற பாராமகால், 1760ஐ ஒட்டி ஹைதர் அலியின் ஆட்சிக்கு வந்தது. தருமபுரிக் கோட்டை 1768இல், முதலாம் மைசூர்ப் போரின்போது, கம்பெனிப் படைக்கும் ஹைதருக்கும் இடையே கைமாறிற்று. 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குப் போயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்நிலம் மைசூர்ப் படையெடுப்புகளின் பாதையிலும் வரிவிதிப்பின் வரம்பிலும் இருந்தது. கோட்டைக் காவலர், குதிரைப்படையினர், கணக்கெழுதுவோர், அவர்களுக்குப் பொருள் வழங்கிய வணிகர் எனப் பலதரப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் கோட்டைகளைச் சூழ்ந்து வாழ்ந்தமைக்கு இதுவே அடிப்படை. கோட்டைக்கு அருகே தொழுமிடம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'கோட்டைக்காரர்கள் தொழுத இடம்' என்பதும் 'திப்பு கட்டிய பள்ளி' என்பதும் ஒன்றல்ல.

திப்பு கட்டிய பள்ளி எப்படியிருக்கும் என்பதை அறிய ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குச் சென்றால் போதும். 1787இல் எழுந்த மஸ்ஜிதே அஃலா உயர்ந்த மேடைமேல், எண்கோண வடிவில் எழும் இரு மினாராக்களுடன், பாரசீகக் கல்வெட்டுடன் நிற்கிறது. அரசர் கட்டினால் கட்டியதைச் சொல்லும் கல்லையும் வைப்பார், நாளையும் குறிப்பார். அரசப் பள்ளி தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்ளும். மஹல்லாப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை. அது ஓலையோ ஓடோ வேய்ந்த சிறு தொழுமிடமாகத் தொடங்கி, பின் செங்கல்லும் சுண்ணாம்பும் பெற்று, ஒரு தலைமுறையில் ஹவுளும் அடுத்த தலைமுறையில் முன்மண்டபமும் சேர்ந்து வளர்ந்த கட்டடம். அதற்குக் கட்டியவர் என ஒருவர் இல்லை. தொடங்கிய நாள் என ஒன்றும் இல்லை. மலர் எழுதுவோர் இதனை ஒரு குறையாக எண்ணி, அக்குறையை அரசரின் பெயரால் நிரப்புகிறார்கள். நம் கருத்தில் அது குறையே அன்று. கட்டியவர் ஒருவர் இல்லாமையே அதன் வரலாற்றின் முதற் செய்தி.

இதற்கு முன்மாதிரி தேட வேண்டியதில்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலைப் பற்றி நமக்கு வந்து சேர்ந்துள்ள அறிவிப்புகள் எதில் தொடங்குகின்றன என்பதை நினைவுகூர்வோம். அவை தூண்களின் உயரத்தில் தொடங்கவில்லை. நிலம் யாருடையது என்பதில் தொடங்குகின்றன. அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் அனாதைச் சிறுவர் இருவருக்குரிய, பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். இலவசமாகத் தர முன்வந்தபோதும் விலை கொடுத்தே பெறப்பட்டது என ஓர் அறிவிப்பு. பனூ நஜ்ஜார் கூட்டத்தார் அதன் விலையை அல்லாஹ்விடமே எதிர்பார்க்கிறோம் என்றனர் என மற்றோர் அறிவிப்பு. இரண்டையும் நம் முன்னோர் மறைக்காமல் பதிந்து வைத்தனர். அப்பள்ளியைப் பெருக்கி வந்த ஒருவர் இரவில் இறந்துபோக, தோழர்கள் அதைப் பெரிதாக எண்ணாமல் அடக்கம் செய்துவிட்டார்கள். நபியவர்கள் அவர் எங்கே எனக் கேட்டு, அடக்கத்தலத்துக்கே சென்று தொழுதார்கள் என்பதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. நிலத்துக்குரியவர், பெருக்கியவர், திண்ணையில் தங்கிப் படித்த ஏழைகள் ஆகிய இம்மூவகையினரும் முதல் பள்ளிவாசலின் வரலாற்றில் இருக்கிறார்கள். நம் திறப்பு விழா மலர்களில் இம்மூவகையினரும் இல்லை. மோதினாரின் பெயரைக்கூட, அவர் நாற்பதாண்டு பாங்கு சொல்லியிருந்தாலன்றி, காண்பது அரிது.

குறை மலர் எழுதுவோரிடம் மட்டுமில்லை. கற்றோரின் நூல்களும் உள்நாட்டுப் பள்ளிகளை அதிகம் நாடவில்லை. மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய பெருநூல் மஅபர் சுல்தானியத்தையும் இரு கரைகளின் கடலோடிக் குடியேற்றங்களையும் தன் எல்லையாகத் தலைப்பிலேயே அறிவித்துவிடுகிறது. காயல்பட்டினமும் கீழக்கரையும் மதுரையும் அதில் சிறப்பாக அளந்து வரையப்பட்டுள்ளன. அதற்காக நாம் அந்நூலுக்கு நன்றி பாராட்டியே ஆக வேண்டும். சோழமண்டலக் கரையின் கற்றூண் பள்ளிகள் தமிழ்க் கட்டட மரபுக்குள் எவ்வாறு நின்றன என்பதை அதைப் படித்த பிறகு மறுப்பதற்கில்லை. சூசன் பெய்லியின் 1989ஆம் ஆண்டு நூல் தர்காக்களையும் வலிமார்களையும் நாடியது. மேட்டிசன் மைன்ஸ் 1972இல் பல்லாவரத்து முஸ்லிம் வணிகரை ஆராய்ந்தபோதுதான் ஜமாஅத் என்னும் அமைப்பு அன்றாட வாழ்வுடன் இணைத்துப் பார்க்கப்பட்டது. அதுவும் சென்னைக்கு அருகே. கல்வெட்டு, கலை, கராமத் ஆகிய மூன்றில் ஒன்றேனும் இல்லாத பள்ளி ஆய்வாளரின் கண்ணில் படுவதில்லை. திருச்சிராப்பள்ளியின் கல்லுப்பள்ளி, ஹிஜ்ரி 116 எனப் படிக்கப்பட்ட அரபுக் கல்வெட்டு இருப்பதாலேயே எல்லா நூல்களிலும் இடம்பெறுகிறது. அதைச் சூழ்ந்திருந்த மக்கள் யார் என்பதை அந்நூல்கள் கேட்பதில்லை.

கரைக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வேறுபாடு கட்டடத்தில் மட்டும் இல்லை. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு மேலோங்கியது. உள்நாட்டிலோ, உருது பேசுவோரிடத்தும் தமிழ் பேசும் இராவுத்தரிடத்தும் ஹனஃபி மத்ஹபு. ஷாஃபிஈ சட்டத்தில் ஜும்ஆவுக்கு ஊரில் நிலையாக வாழும் நாற்பது ஆண்கள் வேண்டும். ஹனஃபி சட்டத்தில் எண்ணிக்கை மிகக் குறைவு; இமாமைத் தவிர மூவர் போதும். ஆனால் இடம் நகரமாக, மிஸ்ர் எனத்தக்கதாக இருக்க வேண்டும். பாராமகாலின் பள்ளிகள் ஏன் ஊருக்கு ஒரு ஜும்ஆப் பள்ளி, சுற்றிலும் ஐவேளைக்கு மட்டுமான சிறு பள்ளிகள் என்ற ஒழுங்கில் அமைந்தன என்பதற்கு இந்த நிபந்தனை பெருமளவு விளக்கம் தரும். வெள்ளியன்று சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பேட்டைக்கு வந்து தொழுது திரும்பும் வழக்கம் வழிபாட்டை ஊர் வணிகத்தோடும் உறவுகளோடும் பிணைத்தது. பின்னர் சிற்றூர்களிலும் ஜும்ஆ தொடங்கியபோது எழுந்த விவாதங்கள் எத்தனை ஆலிம்களின் உறக்கத்தைக் கெடுத்திருக்கும்! அவ்விவாதங்களும் பள்ளிவாசல் வரலாறே. மலர்களில் அவை ஒரு வரியும் பெறுவதில்லை. 'ஊர் ஒற்றுமை' கருதி விடப்பட்டன என்று சமாதானம் சொல்லப்படும்.

இனி மஹல்லாப் பள்ளி செய்த வேலைகளுக்கு வருவோம். அது தொழுமிடம் மட்டும் அன்று என்பது பழகிப்போன கூற்று. எல்லா மலர்களும் அதைச் சொல்லும். என்னென்ன வேலை, எதன் வாயிலாக என்று கேட்டால்தான் வரலாறு தொடங்கும். அங்கே நான்கு ஏடுகள் இருந்தன. குடும்பத்துக்கு இவ்வளவு எனச் சந்தா எழுதிய வரி ஏடு, மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர் தொகை ஆகியவற்றைப் பதிந்த நிக்காஹ் தஃப்தர், அடக்கத்தல ஏடு, வரவு செலவுக் கணக்கு. இவற்றில் முதல் ஏட்டில் பெயர் உள்ளவரே மஹல்லாவைச் சேர்ந்தவர். அவர் வீட்டுத் திருமணத்துக்குத் தஃப்தர் திறக்கும். மரணத்துக்குச் சந்தூக்கும் குழிவெட்டுவோரும் கிடைப்பர். ஒருவரை ஊரோடு சேர்ப்பதும் விலக்குவதும் இவ்வேட்டின் வழியாகவே நடந்தன. 1980களின் பிற்பகுதியிலிருந்து தவ்ஹீத் கருத்துகளை ஏற்ற இளைஞர்கள் தனித்துத் தொழத் தொடங்கியபோது, பல ஊர்களில் மோதல் அகீதாவில் தொடங்கி தஃப்தரில் போய் முடிந்தது. நிக்காஹ் யார் பதிவது, மையித்தை எந்த மண்ணில் அடக்குவது என்பனவே பூசலின் இறுதிக் கேள்விகளாயின.

இந்த அதிகாரத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. மஹல்லாப் பள்ளி ஏழைக் குமருக்குத் திருமணம் முடித்து வைத்தது. கடன்பட்டவருக்காக வசூல் செய்தது. சொத்துத் தகராற்றைக் காவல் நிலையம் போகாமல் தீர்த்தது. அதே பள்ளியின் முற்றத்தில்தான், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கப்படாத பெண்ணின் மணவிலக்கும் முடிவு செய்யப்பட்டது. அண்ணா சாலை மக்கா பள்ளிவாசலில் இயங்கிய ஷரீஅத் கவுன்சில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் பள்ளிவாசல்களில் நீதிமன்றங்கள் போன்ற அமைப்புகள் இயங்கக்கூடாது எனக் கூறியதும், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்தே என 2017 ஜனவரியில் கூறியதும் இந்தப் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை. அதற்கும் முன்பே புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்திருந்தார். அவருடைய எல்லாக் கருத்துகளோடும் நாம் உடன்படுகிறோமா என்பது வேறு. ஊர் ஜமாஅத்தில் பெண்ணின் குரலுக்கு ஓர் இருக்கை இருந்திருப்பின் அப்படியொரு ஜமாஅத்துக்குத் தேவையே எழுந்திராது என்பதை மட்டும் மறுக்க இயலாது.

ஏடுகளின் சாட்சியமும் இதுவே. வரி ஏட்டில் குடும்பத் தலைவர் ஆண். நிர்வாகக் கணக்கில் ஆண்கள். நன்கொடைப் பட்டியலில் பெண் 'இன்னாரின் துணைவியார்'. நிக்காஹ் தஃப்தர் ஒன்றில்தான் பெண்ணுக்குத் தன் சொந்தப் பெயர் உண்டு. அவளுக்குரிய மஹரும் எழுதப்பட்டிருக்கும். பள்ளிக்குள் கால் வைக்காத பெண்களின் பெயர்களை அப்பள்ளியே நூறாண்டுகளாகக் காத்து வைத்திருக்கிறது என்பது முரணாகத் தோன்றலாம். அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில், பெண்கள் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குள் செல்வதற்குத் தடையில்லை என வாக்குமூலம் அளித்தது. உள்நாட்டின் புதிய கட்டடங்களில் சில பெண்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்குகின்றன. மலர்கள் அதை 'நவீன வசதி' என்ற தலைப்பில், குளிர்சாதனக் கருவிக்கு அடுத்த வரியில் குறிப்பிடுகின்றன.

அரசும் மஹல்லாப் பள்ளியைத் தன் கணக்கில் கொண்டுதான் வந்திருக்கிறது. நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கும் தமிழக அரசின் திட்டம் 2001இல் தொடங்கிற்று. கொரோனா ஊரடங்கினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020 ரமளானில், 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி என அரசு அறிவித்தது; கஞ்சி காய்ச்ச வழியில்லாததால் அரிசி வீடுகளுக்கே கொண்டு சேர்க்கப்பட்டது. இந்த அரிசிப் பட்டியலை நாம் வேறொரு கண்ணோடு பார்க்கிறோம். எந்தப் பள்ளி எந்த ஆண்டு எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சியது என்பதற்கு மாவட்ட நிர்வாகத்தின் கோப்பிலேயே இருக்கும் எழுத்துச் சான்று அது. ஒரு பள்ளிவாசல் இயங்கியது என்பதற்கு இதைவிடச் சுவையான ஆதாரம் கிடைக்குமோ! எந்த மலரும் இதைப் பயன்படுத்தவில்லை.

ஆதாரம் என்ற சொல் இன்று அலங்காரமாகச் சொல்லப்படுவதன்று. 2025 ஏப்ரல் 8 அன்று நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், நீண்ட காலப் பயன்பாட்டால் ஒரு சொத்து வக்ஃபாகும் என்ற கோட்பாட்டைச் சட்டத்தின் வரையறையிலிருந்து நீக்கிவிட்டது. அயோத்தி வழக்கின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்புகூட அக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டே பேசியிருந்தது. புதிய சட்டம் அமலுக்கு வருமுன்பே பதிவாகியிருந்த இத்தகைய சொத்துகள் வக்ஃபாகவே நீடிக்கும். ஆயினும் தகராற்றில் உள்ளவற்றுக்கும் அரசுச் சொத்து எனப்படுபவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2025 செப்டம்பர் 15 அன்று அளித்த இடைக்கால ஆணையில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பயன்பாட்டு வக்ஃபின் நீக்கத்தையும் பதிவுக் கட்டாயத்தையும் நிறுத்த மறுத்தது. பதிவு செய்யும் கடமை 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட மைய இணையப் பதிவகத்தில் விவரங்களை ஏற்ற ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது. டிசம்பரில் அக்கெடு முடியும் வேளையில், முத்தவல்லிகள் பழைய இரும்புப் பெட்டிகளைத் திறந்து தாள்களைத் தேடினார்கள்.

அப்பதிவுக்குச் சட்டம் கேட்கும் விவரங்களில் ஒன்று, வக்ஃபை ஏற்படுத்தியவரின் பெயரும் முகவரியும்; மற்றொன்று, ஏற்படுத்திய முறையும் நாளும். மலர்களில் எழுதியவாறு 'திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டினம்' என அங்கே நிரப்பிவிட முடியுமா? நகைப்புக்காக இதை நாம் கேட்கவில்லை. ஆதாரமின்றி அரசர் பெயரைச் சொல்லி வந்ததன் விலை இங்கே தெரிகிறது. அரசர் கட்டினார் எனில் அது அரசின் நிலத்தில் கட்டியதாயிற்று. 1792இல் அந்த அரசின் உரிமை கம்பெனிக்கும் அதன்வழி இன்றைய அரசுக்கும் வந்தது என வழக்குரைஞர் ஒருவர் வாதிட முற்பட்டால், நம் மலரையே அவர் சான்றாகக் காட்ட இடமுண்டு. பெருமைக்காகச் சொன்ன கதை உரிமைக்கு எதிராகத் திரும்பும். மஹல்லா மக்கள் தாமே நிலம் விட்டு, தாமே கட்டி, இடைவிடாது தொழுது வந்தனர் என்ற உண்மை வரலாறோ அவ்வாறு திரும்பாது.

பயன்பாட்டால் வக்ஃபு என்பது ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் கண்டுபிடித்த சலுகை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. அது சரியன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மர்ஃகீனானி தம் ஹிதாயாவில் இதை விரிவாகப் பேசுகிறார். ஒருவர் தம் இடத்தைப் பாதையோடு பிரித்து விட்டு, மக்கள் தொழ அனுமதித்து, அதில் ஒருவர் தொழுதுவிட்டால் அவ்விடம் உரிமையாளரின் உடைமையிலிருந்து நீங்கிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. 'இதைப் பள்ளியாக்கினேன்' என்று சொன்னதுமே நீங்கிவிடும் என்பது அபூயூஸுஃபின் கருத்து. பாராமகாலின் ஹனஃபி மக்கள் முதற் கருத்தின் வழியே பள்ளி எழுப்பினார்கள். தொழுகையே அவர்களுக்குப் பத்திரம். தாள் எழுதாமல் விட்டதை அலட்சியம் என்று முழுவதும் பழிப்பது பொருந்தாது. அவர்கள் பின்பற்றிய சட்டம் தாளைக் கேட்கவில்லை.

ஆனால் தாள்கள் இல்லாமலும் போகவில்லை. மன்றோவும் அவருடைய மேலதிகாரி ரீடும் 1792 முதல் 1799 வரை இந்நிலத்தை ஊர் ஊராக அளந்து எழுதிய குறிப்புகளைச் சென்னை அரசு 1907 முதல் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பகுதி பகுதியாக அச்சிட்டது. குடிமக்களுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி கோயில், பள்ளிவாசல் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அரசை அப்பொறுப்பிலிருந்து விலக்கியது. இடைப்பட்ட காலத்துக் கடிதப் போக்குவரத்தில் எத்தனையோ சிறு பள்ளிகள் ஒரு வரியேனும் பெற்றிருக்கும். 1858இல் ஏற்பட்ட இனாம் ஆணையம் பள்ளிவாசல் ஊழியத்துக்கும் காஜிக்கும் விடப்பட்ட மானிய நிலங்களை விசாரித்து இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் பதிந்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அந்நிலங்களை ரயத்துவாரிக்கு மாற்றியபோது மீண்டும் ஒரு தாள் உருவாயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அளவாய்வு ஆணையர் தயாரித்த பட்டியல் அரசிதழில் வந்தது. தருமபுரி அப்போதெல்லாம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபரில்தான். ஆகவே தருமபுரியில் தேடிக் காணாதவர் சேலத்திலும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபோது மேலும் சில கோப்புகள் இடம் மாறின. 'ஆதாரம் ஏதும் இல்லை' என மலரில் எழுதும் ஆசிரியர்களில் எத்தனை பேர் இவ்வழியில் ஒரு நாளேனும் நடந்திருப்பர் என நாம் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குள்ளேயே இருக்கும் தாள்களுக்கு வேறொரு தடை உண்டு. பாராமகாலின் பழைய தஃப்தர்கள் பலவும் உருது எழுத்தில் உள்ளவை. இராவுத்தர் மஹல்லாக்களில் அரபுத்தமிழும் கலந்திருக்கும். வெள்ளி பயான் உருதுவில் நடக்கும் பள்ளிகளிலும் இளையோருக்கு தக்னி பேசத் தெரியுமேயன்றி உருதுவைப் படிக்கத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறை முழுமையாகத் தமிழ் எழுத்தில் வாழ்கிறது. தமிழ் எழுத்தில் வாழ்வதில் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. பயான் தமிழில் நடக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. ஆயினும் பாட்டனின் நிக்காஹ் எழுதப்பட்ட பக்கத்தைப் பேரனால் படிக்க முடியவில்லை என்பதும், படித்துச் சொல்லக்கூடிய ஹஜ்ரத் எழுபது வயதைக் கடந்துவிட்டார் என்பதும் மெய். வேலூர் பாகியாத்திலோ பிற மதரஸாக்களிலோ ஓதிப் பட்டம் பெற்று வரும் இளம் இமாம்களுக்கு அந்த எழுத்து தெரியும். நிர்வாகங்கள் அவர்களைத் தொழவைக்கவும் மக்தப் நடத்தவும் மட்டுமே பணிக்கின்றன. ஏட்டைத் தமிழாக்கித் தரும்படி கேட்பதில்லை. அவர்கள் ஓரிரு ஆண்டுகளில் ஊர் மாறிவிடுகிறார்கள் என்பதும், ஊதியம் அவர்களை அங்கே நிறுத்தப் போதுவதில்லை என்பதும் இதே வரலாற்றின் பகுதி.

கட்டடம் இடிக்கப்படும் நாளில் இழப்பு இன்னும் விரைவாக நிகழ்கிறது. சுண்ணாம்புச் சுவரும் மரச்சட்டமிட்ட மட்டப்பாவும் போய்க் கான்கிரீட் வருவதை நாம் எதிர்க்கவில்லை. தொழுவோர் பெருகும்போது இடம் வேண்டும். ஆனால் இடிப்பதற்கு முன் மிஹ்ராபின் அளவு எடுக்கப்படுவதில்லை. தூண்களின் படம் பிடிக்கப்படுவதில்லை. உத்தரத்தில் யாரோ தச்சர் செதுக்கிய ஆண்டெண் விறகோடு போகிறது. பழைய கல்லைப் புதிய சுவரில் பதிக்க நினைப்பவர்களும்கூட அதைப் புதிய நன்கொடையாளர் பளிங்குப் பலகைக்குக் கீழே, காலணி வைக்கும் இடத்தருகே பதிக்கிறார்கள். அத்தனையும் முடிந்த பிறகு மலர் அச்சுக்குப் போகிறது. 'தொன்மை வாய்ந்த நம் பள்ளி' என்ற தலைப்பில், தொன்மையின் ஒரு படமும் இல்லாமல்.

அடுத்த மலரை எழுதவிருக்கும் ஜமாஅத்துச் செயலாளர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறியதுதான். வாழ்த்துரைகளில் நான்கைக் குறைத்துவிட்டு, நிக்காஹ் தஃப்தரின் முதற் பத்துப் பக்கங்களைப் படமெடுத்து, எதிர்ப்பக்கத்தில் தமிழ் எழுத்தில் அச்சிடலாம். சந்தா ஏட்டில் 1950ஐ ஒட்டிய ஓராண்டை எடுத்து, எத்தனை குடும்பம், என்ன தொழில், எவ்வளவு வரி என அட்டவணையிடலாம். தோல் மண்டி வைத்தவர் எத்தனை, சந்தையில் கடை போட்டவர் எத்தனை, ஜட்கா ஓட்டியவர் எத்தனை என்பது அதிலிருந்து தெரியவரும். இனாம் பதிவேட்டின் உரிய பக்கத்துக்குச் சான்றொப்பமிட்ட நகல் கேட்டு ஒரு விண்ணப்பம் போடலாம்; அதற்கான கட்டணம் மலரின் ஒரு வண்ணப் பக்கத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. மோதினார்களின் பெயர்களை நினைவுள்ள மட்டும், குழிவெட்டுவோரின் பெயர்களோடு சேர்த்து எழுதலாம். திப்புவின் பெயர் வேண்டுமெனில் அதுவும் இருக்கட்டும். 'ஊரார் இவ்வாறு சொல்வர்' என்ற அடையோடு, கடைசிப் பக்கத்தில்.